பதினேழு கைச் சின்னம்

அன்று கூடத்துக்குள் இருந்தவர்கள் பதினேழு பேர். தையல் மெஷின்காரர்கள் நான்கு பேர், அவர்களில் மூத்தவள் பாவாயி. வெல்டிங்காரர்கள் மூன்று பேர், அவர்களுக்குத் தலைவர் சென்னியப்பன். தச்சர்கள் இரண்டு பேர், குப்பண்ணனும் அவர் தம்பியும். பாக்குமட்டைத் தட்டு அழுத்தும் பெண்கள் மூன்று பேர். செல்போன் ரிப்பேர் பார்க்கும் நூருல்லா ஒருவர். ஒடிசாவிலிருந்து வந்து சேலைக்கு மணி கோக்கும் அண்ணன் தம்பி இரண்டு பேர். போர்டு எழுதும் சூசைமாணிக்கம் ஒருவர். கிழிந்த சாக்குகளைத் தைத்து இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டி வைக்கிற நான் ஒருவன். நாலும் மூன்றும் ஏழு, இரண்டு ஒன்பது, மூன்று பன்னிரண்டு, ஒன்று பதின்மூன்று, இரண்டு பதினைந்து, அதற்கு மேல் சூசைமாணிக்கமும் நானும். அதிகாரி நிலைப்படிக்கு வெளியே நின்றே பேசியதால் அவரை நான் எண்ணவில்லை.

கூடம் என்பது பழைய ஜின்னிங் மில்லின் பஞ்சு குடோன். வீட்டில் மெஷின் போட்டால் வீட்டுக்காரர் சத்தம் போடுகிறார், தெருவில் போட்டால் போலீஸ் சத்தம் போடுகிறது, ஆகவே இடமில்லாத தொழிற்காரர்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து வேலை செய்யட்டும் என்று நகராட்சி அதைத் திறந்துவிட்டிருந்தது. எனக்கு வலது கால் மடங்காது. இதே மில்லில் பஞ்சுப் பேல் மூட்டை காலில் விழுந்து முப்பத்தெட்டு வருஷம் ஆகிறது. பக்கத்திலேயே வீடு என்பதால் சாவி என்னிடம் இருந்தது. காலையில் திறந்து, உள்ளே வருகிற தலைகளை எண்ணி, மாலையில் வெளியே போகிற தலைகளை எண்ணி, இரண்டும் சரியாக இருந்தால் பூட்டுவேன்.

அதிகாரி வெயிலில் நின்றுகொண்டு சொன்னார்: "மாநிலம் முழுக்க இந்த மாதிரி நூத்திப் பன்னெண்டு கூடம் வரப்போகுது. எல்லா வாசல்லயும் ஒரே சின்னம் இருக்கணும். ஆஸ்பத்திரின்னா கூட்டல் குறி போடறோம்ல, அந்த மாதிரி. எந்த ஊர்க்காரன், எந்த பாஷைக்காரன், எழுத்தே தெரியாதவன் பாத்தாலும், இங்க நானும் ஒரு ஓரமா உக்காந்து வேலை செய்யலாம்னு அவனுக்குத் தெரியணும். உங்க கூடத்துல அந்தச் சின்னத்தைப் பண்ணிக் குடுத்தீங்கன்னா, இந்தக் கட்டடத்தை இந்தப் பதினேழு பேர் பேருக்கே எழுதிக் குடுத்துடலாம். முடியலைன்னா தை மாசம் குடோனுக்கு ஏலம் விட்டுடுவாங்க. நாப்பத்தோராம் நாள் வந்து பாக்கறேன்."

பதினேழு பெயரையும் எழுதிக்கொண்டு அவர் போனபோது மணி பத்தே முக்கால். பதினொரு மணிக்கு முதல் சண்டை வந்தது.

சூசைமாணிக்கம் ஒரு சுத்தியலை வரைந்தார். பாவாயி, "சுத்தியலப் போட்டா நாங்கெல்லாம் ஆருங்க, வேடிக்கை பாக்க வந்தவங்களா?" என்றாள். கத்திரிக்கோலை வரைந்தார். குப்பண்ணன், "அதப் பாத்துட்டு முடிவெட்டற கடைன்னு தாடியத் தடவிக்கிட்டு வந்து நிப்பானுங்க" என்றார். இலை வரைந்தால் அது ஒரு கட்சி என்றார்கள், சூரியன் ஒரு கட்சி, சைக்கிள் ஒரு கட்சி, பானை ஒரு கட்சி, மாம்பழம் ஒரு கட்சி, விளக்கு ஒரு சாமி, பிறை ஒரு சாமி. நூருல்லா, "அப்பொ, சாணி உருண்டைய வரைங்கண்ணா, அத மட்டுந்தா இன்னும் ஆரும் கேக்கல" என்றார். அதுவரை சிரித்துக்கொண்டுதான் இருந்தோம்.

மூன்று மணிக்குச் சென்னியப்பன் எழுந்து, வெல்டிங் முகமூடியைத்தான் வரைய வேண்டும், ஏனென்றால் இந்தக் கூடத்துக்குக் கதவு வைத்ததே நான்தான் என்றார்.

"கதவு மரம்டா. கீலு மட்டுந்தா உன்னுது" என்றார் குப்பண்ணன்.

"கீலு இல்லாட்டி உன்ற கதவத் தூக்கிட்டுத் தெனமும் நீயே நிக்கோணும்."

அதற்குக் குப்பண்ணன் தம்பி ஒரு சொல் சொன்னான், அதை நான் எழுதவில்லை. சென்னியப்பன் இரும்புக் குழாயை எடுத்தார். தச்சர்கள் ரீப்பர் கட்டையை எடுத்தார்கள். நடுவில் போன ஒடியாக்காரர்களின் மணி டப்பா கவிழ்ந்து தரையெல்லாம் மணி உருள, அதில் வழுக்கி விழுந்தவர்களை மற்றவர்கள் மிதிக்க, யார் கட்சி யார் என்ற கணக்கில்லாமல் நாலரை மணி வரைக்கும் அடித்துக்கொண்டார்கள். மண்டை உடைந்தது இரண்டு, பல் போனது ஒன்று, பாவாயியின் முழங்கையில் கடி ஒன்று. நான் சுவரோரம் என் இடத்தில் உட்கார்ந்து ஒன்பது சாக்கு தைத்தேன்.

ஓய்ந்த பிறகு சூசைமாணிக்கம் மூக்கு ரத்தத்தைத் துடைத்தபடி, "கையப் போட்டுடலாம்" என்றார்.

"அதும் கட்சிதானுங்க" என்றாள் பாவாயி.

"ஒரு கைதான் கட்சி. பதினேழு கை எந்தக் கட்சி?"

கிழக்குச் சுவரில் அவர் பெரிய வட்டம் போட்டார். ஒவ்வொருவராக வந்து வலது கையை வட்டத்தின் மேல் வைக்க, கரிக்கட்டையால் சுற்றி வரைந்து, உள்ளே நீலச் சாயம் பூசினார். நடுவில் காலியாக இருக்கும் வட்டம்தான் பொது இடம் என்றார். கை ஆறட்டும், கழுவிவிட்டு வரட்டும், ஒரு வாய் டீ குடித்து இரண்டு வார்த்தை பேசிவிட்டு வரட்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வெளிச்சம் போய்விடும் என்று அவர் அவசரப்படுத்தினார், நடுங்குகிற கையை நடுங்கியபடியே எல்லோரும் வைத்தார்கள். அதுதான் நாங்கள் செய்த தப்பு. என் கை பதினேழாவது. வட்டத்தின் அடியில், என் இடத்துக்கு நேர் மேலே அது அமைந்தது. "உங்க கை மட்டுந்தாண்ணா கொஞ்சங்கூட ஆடல" என்று சூசைமாணிக்கம் சொன்னார்.

மறுநாள் காலை பத்து இருபதுக்குக் குப்பண்ணன் பலகை அறுத்தார். தூள் பறந்து பாவாயியின் வெள்ளை ஜாக்கெட் துணி மேல் விழுந்தது. எப்போதும்போல அவர், "தூளு விழுந்துருச்சா அம்மிணி?" என்றார். எப்போதும்போல அவள், "பரவாயில்லீங்" என்றாள். அப்போது சுவரில் மேலிருந்து மூன்றாவதாக இருந்த கை, மணிக்கட்டு வரை, பிறகு முழங்கை வரை, பிறகு தோள் வரை, காரை நிறத்தில் தூசி உதிர நீண்டு கூடத்தின் குறுக்கே போய், குப்பண்ணனின் இடது கன்னத்தில் அறைந்தது. தாடை விலகியது. அந்தக் காது அதற்குப் பிறகு கேட்கவில்லை. கை திரும்பி வந்து தன் கோட்டுக்குள் அச்சு மாறாமல் பொருந்தியது.

எல்லோரும் பாவாயியைப் பார்த்தார்கள். அவளுடைய இரண்டு கைகளும் துணி மேல்தான் இருந்தன, கால் மிதியில் இருந்தது.

"ஏனுங், நான் இங்கதான உக்காந்திருக்கறேன்" என்றாள்.

அன்று மொத்தம் ஒன்பது அடி. மாலைக்குள் விஷயம் எங்களுக்குப் பிடிபட்டுவிட்டது: நாம் எந்தக் கையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமோ அந்தக் கை சுவரில் அடக்கிக்கொள்ளாது. வாயால் பரவாயில்லை என்று சொல்லச் சொல்ல அடி பலமாக விழுந்தது. பாக்குமட்டைப் பெண்களில் கருப்பாத்தாளின் கையை உடைத்தது அவளோடு தட்டு அழுத்தும் நாத்தனாரின் கை. பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய சீர்த் தட்டில் வாழைப்பழம் குறைந்தது காரணம் என்று பிறகு தெரிந்தது. ஒடியாக்கார அண்ணனின் கை தம்பியை விலாவில் குத்தி மூன்று எலும்பை முறித்தது. தம்பியின் கை மறுநாள் அண்ணனின் வலது கண்ணில் கட்டைவிரலைச் செலுத்தியது. அந்தக் கண் போய்விட்டது. நூருல்லாவின் கை யாரையும் அடிக்காமல் தினமும் மதியம் தன் மச்சான் சோறு கொண்டுவரும் வரை காத்திருந்து, அவனை மட்டும் அடித்தது.

வெளியே போய்விடலாம் என்று யாரும் சொல்லவில்லை. எங்கே போவது? அதிகாரி எழுதிக்கொண்டு போனது பதினேழு பெயர். சுவரை வெள்ளையடித்துவிடலாம் என்று ஒன்பதாம் நாள் சூசைமாணிக்கம் மட்டையோடு ஏறினார்; அவர் கையே சுவரிலிருந்து இறங்கி வந்து அவருடைய மூன்று விரல்களைக் குச்சி மாதிரி ஒடித்துவிட்டது. தன் வேலையைத் தானே அழிக்க அவருக்கு மனசில்லை என்று நாங்கள் புரிந்துகொண்டோம்.

ஆகவே கூடம் அதற்குத் தகுந்தபடி பழகிக்கொண்டது. தையல்காரிகள் பஞ்சு வைத்துத் தைத்த தொப்பிகளை எல்லோருக்கும் கொடுத்தார்கள். கவர்மெண்ட் ஆஸ்பத்திரியிலிருந்து ஓய்வு பெற்ற கம்பவுண்டர் ஒருவர் வாசலில் மேஜை போட்டு, அயோடினும் மாவுக்கட்டும் வைத்துக்கொண்டார். டீக்கடைக்காரர் பதினொரு மணி டீயைப் பத்தரைக்கே கொண்டுவந்தார், ஏனென்றால் பதினொரு மணிக்கு அடி அதிகம். ஊரிலிருந்து பெண்டாட்டிகள் வந்து, தன் புருஷனின் கை யாரை அடிக்கிறது, யாரை அடிக்காமல் தடவுகிறது என்று பார்த்துவிட்டுப் போனார்கள்; அதனால் வீட்டில் விழுந்த அடிகளை நான் எண்ணவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். குப்பண்ணனின் கன்னத்தில் இருந்த நீல அச்சையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஆளு மேல கேஸ் போடலாம், செவுத்து மேல எப்படிப் போடறது? செவுத்துக்கு அப்பா பேரு என்ன எழுதறது?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். இருபதாம் நாள் வரை விழுந்த அடி நூற்று முப்பத்தொன்று. அதில் சென்னியப்பன் ஒருவர் மட்டும் வாங்கியது ஐம்பத்து மூன்று.

என் கை ஒன்றும் செய்யவில்லை.

பதினாறு கைகளும் ரத்தம் பார்த்த பிறகு என் கை மட்டும் அப்படியே சுவரில் இருந்தது ஊருக்குப் பெரிய விஷயமாகிவிட்டது. பாக்குமட்டைப் பெண்கள் அதற்குச் சந்தனம் வைத்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். "அண்ணன் மனசுல ஆரு மேலயும் ஒண்ணும் இல்ல பாரு" என்றாள் பாவாயி. நான் தலையைக் குனிந்துகொண்டு கோணி ஊசியில் சணல் கோத்தேன். என் மனதில் இருப்பது எனக்குத் தெரியும். அது பதினோரு அங்குலம்.

எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. இடத்தைப் பிரிக்கும் சுண்ணாம்புக் கோடுகள் கால் பட்டுத் தேய்ந்துவிடுவதால், மாதம் முதல் தேதி பக்கத்துப் பக்கத்து இடக்காரர்கள் இருவரும் சேர்ந்து கோட்டைப் புதிதாகப் போட வேண்டும். ஒருவர் கயிற்றின் நுனியைப் பிடிக்க, மற்றவர் சுண்ணாம்புக் குவளையோடு கயிற்றை ஒட்டிக் கோடு போடுவார். என் இடம் சுவரிலிருந்து கோடு வரை நாற்பத்தெட்டு அங்குல நீளம். மடங்காத காலை நீட்டினால் குதிகால் கோட்டைத் தொடாமல் சரியாக இருக்கும். கோட்டுக்கு அந்தப் பக்கம் சென்னியப்பன். குனிய முடியாததால் கயிறு பிடிப்பது நான், கோடு போடுவது அவர். பதினோரு மாதத்தில் பதினோரு தடவை போட்டார். தடவைக்கு ஓர் அங்குலம். கயிற்றின் நுனியை நானே பிடித்துக்கொண்டிருந்தேன்; பிறகு அவர் டீ குடிக்கப் போனதும் டேப் வைத்து அளந்தேன்; ஒவ்வொரு தடவையும் அளந்தேன்.

அவர் கெட்டவர் இல்லை. தினமும் சாயங்காலம், நான் கேட்காமலே, தைத்த சாக்குக் கட்டுகளை ஒவ்வொன்றாகத் தோளில் ஏற்றி ரோட்டில் நிற்கும் வண்டி வரை கொண்டுபோய் வைப்பார். "நீங்க நொண்டிக்கிட்டு வராதீங்கண்ணா, நானிருக்கறப்ப என்ன?" என்பார். சினிமாப் பாட்டை அடித்தொண்டையில் பாடுவார். எல்லோருடைய கோட்டையும் தள்ளியவர்தான், எல்லோருடைய கட்டையும் தூக்கியவரும்தான். அப்படிப்பட்டவரிடம் அங்குலம் பேச எனக்கு நாக்கு எழவில்லை.

இப்போது மற்றக் கைகள் எல்லாம் அவரைத் தேடித் தேடி அடித்ததால், அவர் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். என் கைக்கு அடியில் மற்ற எந்தக் கையும் வருவதில்லை. ஆகவே அவர் என் பக்கமாக நகர்ந்தார். ரத்தம் சிந்தும்போதெல்லாம் தரையைக் கழுவ வேண்டியிருந்தது, கழுவினால் கோடு போய்விடும், போனால் மறுபடி போட வேண்டும். நாற்பது நாளில் ஏழு தடவை போட்டார். இந்த ஏழு தடவையும் கொஞ்சம் கூச்சத்தோடு அரை அரை அங்குலமாகத்தான் எடுத்தார். ஏழு அரை மூன்றரை. பதினொன்றும் மூன்றரையும் பதினாலரை.

"உங்க நெழல்ல ஒதுங்கிக்கறேண்ணா. கோயிலு மாதிரி இருக்குது" என்று சொல்லிச் சிரித்தார். முன்பல் இரண்டு இல்லாததால் காற்று வந்தது. என் கால் கோட்டைத் தாண்டிப் பதினாலரை அங்குலம் அவர் இடத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. வெல்டிங் பொறி அதன் மேல் விழுந்தது. அவரோடு வேலை செய்கிற இருவர் நடக்கும்போது மிதித்தார்கள். "அண்ணா, காலு" என்பார்கள். நான், "பரவாயில்லப்பா" என்பேன். அப்படிச் சொல்லும்போதெல்லாம் நிமிர்ந்து சுவரைப் பார்ப்பேன். பொறி பட்ட தழும்பு இருபத்து மூன்று.

மூன்று வார்த்தை சொன்னால் போதும். "கோட்டைத் தள்ளிப் போடப்பா." வீட்டில் உட்கார்ந்து பதினொரு தடவை சொல்லிப் பார்த்தேன். முப்பத்தோராம் நாள் காலை டேப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அவர் முகமூடியைத் தூக்கும் வரை காத்திருந்து, "சென்னியப்பா" என்றேன்.

"சொல்லுங்கண்ணா."

அவர் கண்ணுக்குக் கீழே நேற்றைய அடி வீங்கியிருந்தது. மேலே என் கை இருந்தது. சுண்டுவிரல் மட்டும் சுவரை விட்டு ஒரு நூல் அளவு எழும்பியிருந்ததை நான் பார்த்தேன்.

"டீ குடிச்சாச்சா?" என்றேன்.

"ஆச்சுங்ணா. உங்களுக்கு வாங்கியாரட்டுமா?"

வாங்கி வந்தார். நான் குடித்தேன்.

அதற்குப் பிறகு கூடத்தில் அடி குறைய ஆரம்பித்தது. அடித்த பிறகு காரணம் கேட்காமல் யாராலும் இருக்க முடியவில்லை. கேட்டால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அப்படிப் பன்னிரண்டு வருஷத்து வாழைப்பழமும் மரத்தூளும் மணி டப்பாவும் மச்சானுக்குக் கொடுத்த வார்த்தையும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கருப்பாத்தாள் உடைந்த கையோடு உட்கார்ந்திருக்க நாத்தனார் அவளுக்குச் சோறு ஊட்டினாள். ஒற்றைக் கண் அண்ணன் தம்பியின் விலாவுக்கு எண்ணெய் தேய்த்தான். குப்பண்ணன் தன் பலகைகளைச் சாக்கு போட்டு மூடி அறுத்தார். சாக்கு நான் கொடுத்தது. "தூளு விழுந்துச்சுன்னா சொல்லிப்போடு அம்மிணி" என்பார், பாவாயி, "விழுகுதுங், அக்கட்டால நகருங்" என்பாள், அவர் நகர்வார். எல்லோரும் சென்னியப்பனிடம், "என்ற எடத்தைக் குட்றா" என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். அவரும், "இந்தாங்க, வெச்சுக்கங்க" என்று சிரித்தபடி கோட்டைத் தள்ளிக் கொடுத்தார். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். முப்பத்தாறாம் நாள் நான்கு அடி, முப்பத்தெட்டாம் நாள் ஒன்று, நாற்பதாம் நாள் ஒன்றுமில்லை. மொத்தம் நூற்று எண்பத்தெட்டு. பதினாறு கையும் வேலை முடிந்து சுவரில் ஓய்ந்திருந்தன.

நாற்பத்தோராம் நாள் அதிகாரி நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தார். ஆகவே அன்று கூடத்துக்குள் பதினெட்டுப் பேர். போட்டோ எடுப்பவர் வாசலிலேயே நின்றார். மாவுக்கட்டுகளையும் ஒற்றைக் கண்ணையும் பஞ்சுத் தொப்பிகளையும் அதிகாரி பார்த்தார், அதைப் பற்றிக் கேட்க வேண்டாம் என்று முடிவு செய்தார் போல. சுவர் முன்னால் வெகு நேரம் நின்றார்.

"நடுவுல எதுக்கு காலியா இருக்கு?"

"அதுதானுங்க பொது எடம்" என்றார் சூசைமாணிக்கம்.

"நல்லா இருக்கு. படிக்கத் தெரியாதவனுக்கும் புரியும்" என்றார் அதிகாரி. பாவாயி அழுதுவிட்டாள். கூடம் எங்களுடையது ஆகிவிட்டது. ஒரு நிமிஷம், நான் எண்ணியபடி அறுபதுக்குச் சற்றுக் குறைவான நேரம், அங்கே எந்தக் குறையும் இல்லை.

"அடியில இருக்கற கைக்கு மட்டும் ஏன் சந்தனம்?"

சென்னியப்பன் முன்னால் வந்து, என் கைக்கு நேர் கீழே நின்று, என் தோளில் கை போட்டார். "இது எங்க பெரியண்ணன் கைங்க. எல்லாத்து கையும் அடிச்சுதுங்க, இது ஒரு ஈயக்கூட அடிக்கல. இவருக்குன்னு எடம்கூட வேண்டாங்க. காலை வெச்சுக்க எடம் இல்லாட்டியும் வாயத் தொறக்க மாட்டாரு. அப்படி ஒரு மனுசன்."

அவருக்குத் தெரிந்திருந்தது. கால் வைக்க இடமில்லை என்று அவருக்கு அத்தனை மாதமும் தெரிந்திருந்தது.

என் கை சுவரிலிருந்து இறங்கியது. மற்றக் கைகளைப் போல நீண்டு அலையாமல், நேர் கீழே, சம்மட்டி இறங்குவது போல இறங்கியது. முதல் அடி உச்சந்தலையில். என் தோளில் இருந்த அவர் கை நழுவியது. இரண்டாவது அடி அவர் நிமிர்ந்து பார்த்தபோது முகத்தில். மூன்றில் முழங்கால் மடங்கி விழுந்தார். நான்கு. ஐந்து. குப்பண்ணனும் தம்பியும் நூருல்லாவும் மணிக்கட்டைப் பிடித்துத் தொங்கினார்கள்; அவர்களையும் சேர்த்துத் தூக்கி அடித்தது. ஆறு. ஏழில் கழுத்துப் பக்கம் ஏதோ முறிந்தது கேட்டது. கூடத்துச் சுவரிலிருந்து காரை உதிர்ந்து எல்லோர் தலையிலும் விழுந்தது. எட்டு, ஒன்பது. அதிகாரி மெஷினுக்குக் கீழே போய்விட்டார். பாவாயி என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"அண்ணா, நிறுத்தச் சொல்லுங்கண்ணா! உங்க கைதான அது!"

"நான் இங்கதான உக்காந்திருக்கறேன்" என்றேன். கையில் கோணி ஊசி இருந்தது. சணல் பாதி தையலில் இருந்தது. பத்து. பதினொன்று, அது வரைக்கும் பழைய பாக்கி. பன்னிரண்டு. பதின்மூன்று. அவர் அசையவில்லை. முன்பல் இல்லாத வாய் திறந்திருந்தது, அதில் காற்று வரவில்லை. பதினாலு.

கை பதினைந்தாவது தடவையாக மேலே போனது. பாதி உயரம்தான் போயிருக்கும்.

அப்போது என் வாயிலிருந்து வந்துவிட்டது: "கோட்டைத் தள்ளிப் போடப்பா. அந்தப் பதினாலரை அங்குலமும் என்ற எடம்."

கூடத்தில் யாரும் என் குரலை அவ்வளவு சத்தமாகக் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. கை பாதி வழியில் நின்றது. பிறகு மெதுவாகத் திரும்பிப் போய்த் தன் கோட்டுக்குள் பொருந்தியது. சந்தனம் கலைந்திருந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் வந்து சுவரைப் பார்த்து, என் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்து, ஊசி ஏறித் தழும்பு விழுந்த சுத்தமான கைகள் என்று எழுதிக்கொண்டு போனார். சின்னத்தை இலாகா ஏற்றுக்கொண்டது. அச்சுத் தகடு வெட்டி, நூற்றுப் பன்னிரண்டு கூடத்திலும் பதினேழு நீலக் கைகளை அடித்துவிட்டார்கள். அந்த ஊர்களில் என்ன நடக்கிறதென்று எனக்குத் தெரியாது. அங்கே எண்ணுகிறவர் யாராவது இருக்கிறாரா என்பதும் தெரியாது. கட்டடப் பத்திரம் வந்தபோது அதில் பதினேழு பெயர் இருந்தது, கூடத்தில் பதினாறு பேர் இருந்தோம். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. யாரும் என் காலை மிதிக்கவும் இல்லை. மூன்றடி தள்ளியே நடந்தார்கள். வெள்ளிக்கிழமைக் கற்பூரம் நிற்கவில்லை; முன்னே பக்தியில் ஏற்றினார்கள், இப்போது பயத்தில் ஏற்றினார்கள், சுடர் ஒன்றுதான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பதினேழாம் நாள் காலை சென்னியப்பனின் மனைவி வள்ளியாத்தாள் அவருடைய முகமூடியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். கூட இருந்த இருவரும் அவளுக்கு வெல்டிங் சொல்லிக்கொடுப்பதாக ஏற்றுக்கொண்டார்கள். அவள் உள்ளே வந்தாள். நான் எண்ணினேன், பதினேழு. சுண்ணாம்புக் குவளையைத் தேடி எடுத்து, தண்ணீர் ஊற்றிக் கலக்கி, கயிற்றின் நுனியை என்னிடம் நீட்டினாள்.

"நீங்க புடிங்கண்ணா. உங்களுக்குத்தான் குனிய முடியாதுன்னு அவரு சொல்லுவாரு. நான் போடறேன்."

பிடித்தேன். அவள் தரையில் மண்டியிட்டு, ஜாணும் விரலுமாக அளந்து, முதன்முதலில் கோடு இருந்த இடத்தைத் தேடி, கை நடுங்காமல் போட்டாள். கண்ணிலிருந்து விழுந்த இரண்டு சொட்டில் சுண்ணாம்பு கலங்கியது, அதன் மேல் மறுபடி பூசினாள்.

"சரியா இருக்குதுங்களாண்ணா?"

"சரியா இருக்குதம்மா" என்றேன்.

அன்று சாயங்காலம், நான் கேட்காமலே, என் சாக்குக் கட்டுகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு ரோட்டு வண்டிக்குக் கிளம்பினாள். அவள் முதல் கட்டோடு வாசலைத் தாண்டியதும் நான் டேப்பை எடுத்துச் சுவரிலிருந்து கோடு வரை வைத்தேன். நாற்பத்தேழரை. பதினாலு திரும்பி வந்திருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். மேலே சுண்டுவிரல் சுவரை விட்டு ஒரு நூல் அளவு எழும்பியிருந்தது. அவள் இரண்டாவது கட்டுக்காகத் திரும்பி வந்து கொண்டிருந்தாள். நான் வாயைத் திறந்தேன்.

"டீ குடிச்சியாம்மா?" என்றேன்.

மீதி, அரை அங்குலம்.